முனியாண்டி அங்கிளின் போனில் திறக்காத இணைப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த உதவி மேசையைக் கம்பெனி மூடிவிட்டது. நோயாளிகளும் மருத்துவ மையங்களும் கேட்கும் கேள்விகளுக்கு இனி ஓர் இயந்திரம் பதில் எழுதும். ஓய்வு பெற்றேன் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. என்றாலும் கடைசி நாளில் கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்த இரண்டு பெண்கள், "அக்கா, அந்தக் கிள்ளான் டயாலிசிஸ் கேஸ எழுதி வச்சிட்டுப் போங்க லா. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க," என்று கேட்டார்கள். நடந்தது நடந்தபடி இது.

முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடவுச்சொல் மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். "ஸ்கிரீன் கறுப்பா இருக்கு" என்று அழைத்தவர்களிடம், சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று அவர்கள் மனம் நோகாமல் கேட்கப் பழகினேன். மலாயில் திட்டு வாங்கி, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, தமிழில் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டேன். வரிசைப்படுத்தாமல் எதையும் யோசிக்க எனக்கு வராது என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

எங்கள் மேலாளரின் பெயர் பிரேமா. எல்லாரும் பிரேமா அக்கா என்போம். அவர் யாருடைய கீபோர்டையும் தொடமாட்டார். பின்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் எதைத் தட்டினாலும் பேசமாட்டார். நாம் நிறுத்தியதும் மூன்று கேள்விகள் வரும்: "யாருக்கு? எதுல? எப்பருந்து?" மூன்றுக்கும் பதில் இல்லாமல் எதையும் மாற்ற அனுமதிக்கமாட்டார். தமிழில் திட்டினால் கவலையில்லை, மதியம் அவரே தோசை வாங்கி வந்து கொடுத்துவிடுவார். குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் அந்த வாரம் யாருக்கும் தூக்கம் இருக்காது. புகார் அறிக்கையில் "பயன்படுத்தியவரின் தவறு" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். "தப்பு யாருதுன்னு நான் கேக்கல. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்."

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு டயாலிசிஸ் மையக் குழுமம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்து, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடங்கள். நாற்காலிகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். வராதவர்களால் நாற்காலி வீணாகிறது என்று நிர்வாகம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறைக்கும் முன்பு நோயாளியின் போனுக்கு ஓர் இணைப்பு போகும். அவர் அதைத் திறந்து "வருகிறேன்" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். முந்தைய நாள் நண்பகலுக்குள் அமுக்காவிட்டால் நாற்காலி தானாகவே காத்திருப்போர் வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். மையத்தில் இருக்கும் தாதியர் கையால் உறுதிசெய்யும் வசதி முதலில் இருந்தது. நோயாளிகள் பொறுப்பாக இருக்கப் பழகட்டும் என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள்.

எங்களுக்கு இரண்டு விதிகள் இருந்தன. நோயாளிக்குப் பதிலாக நாங்கள் அந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது. ஒருமுறை எங்களில் ஒருவர் இரக்கப்பட்டு அமுக்கிவிட, அந்த நோயாளி ஏற்கெனவே மருத்துவமனையில் படுத்திருந்தார். நாற்காலி காலியாகக் கிடந்தது, காத்திருந்தவருக்கும் கிடைக்கவில்லை. இரண்டாவது விதி, நோயாளியின் இணைப்பை மேலாளர் அனுமதியில்லாமல் எங்கள் சொந்தப் போனில் திறக்கக் கூடாது. இரண்டுமே நியாயமான விதிகள். அதை இப்போதும் சொல்வேன்.

முனியாண்டி அங்கிள் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். அவர் முதலில் அழைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

"தங்கச்சி, அந்த லிங்க அமுக்குனா வெள்ளையா ஒரு பக்கம் வருது. இங்கிலீஷ்ல என்னவோ எழுதியிருக்கு. நான் அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன், பேட்டரி செத்த லோரிய ஸ்டார்ட் பண்ற மாதிரி."

திங்கட்கிழமை அவருடைய நாற்காலி இப்படித்தான் போயிருந்தது. தலைமைத் தாதி ஃபரிடா செவ்வாய் காலையில் எப்படியோ ஓர் இடைவெளியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அதற்குள் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியதாம். "இன்னொரு தடவை விட்டா நேரா எமர்ஜென்சிதான்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிட்டாங்க மா," என்றார். புதன்கிழமையை விட்டுவிட்டு, அடுத்து வெள்ளிக்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். வியாழன் நண்பகலுக்குள் அவர் அந்தப் பொத்தானை அமுக்கியாக வேண்டும்.

சர்வரின் லாகைத் திறந்தேன். வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் அதில் ஒரு வரியாகப் பதிவாகும். அவர் அமுக்கியது உண்மை, திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் சர்வர், "இந்த முகவரி சரியான வடிவத்தில் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தது. எந்தப் பிரவுசரிலிருந்து வந்தது என்பதும் இருந்தது. அது ஒரு மலிவு விலைப் போனோடு சேர்ந்தே வரும் பிரவுசர். பெயர்கூட யாருக்கும் தெரியாது. வேறு பிரவுசர் ஏற்ற அவர் போனில் இடமில்லை.

அதே பிரவுசரை அலுவலகத்தில் ஒரு பழைய போனில் ஏற்றி, சோதனைக்காக நாங்கள் கற்பனையாகப் பதிந்துவைத்திருந்த நோயாளியின் இணைப்பை அனுப்பினேன். திறந்தது. வைஃபையை அணைத்துவிட்டு முயன்றேன். திறந்தது. மொழியை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், சேமிப்பை அழித்தேன். எல்லாவற்றிலும் திறந்தது. கோளாறு என் கண்ணெதிரே வந்தால் பிடித்துவிடலாம். ஒளிந்துகொண்டால் என்ன செய்வது?

புதன் முழுவதும் இப்படியே போனது. வியாழன் காலை பிரேமா அக்கா பின்னால் வந்து நின்றார்.

"யாருக்கு?"

"முனியாண்டி அங்கிளுக்கு. லாக்ல இன்னும் சில பேர் இருக்காங்க, அவங்க கூப்பிடல."

"எதுல?"

"அந்தப் பிரவுசர்ல."

"எப்பருந்து?"

"போன வாரம் அது புது வெர்ஷனுக்கு மாறுனதுலருந்து. ஆனா அதே வெர்ஷன் நம்மகிட்ட வேலை செய்யுது அக்கா."

அவர் என் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். "அப்ப இங்க உக்காந்து என்ன பண்ற? ஓடு. அந்தப் போன கையில வாங்கிப் பாரு."

சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். வழியில் ஒரு நிலையத்தில் அது நின்றுவிட்டது, காரணம் யாரும் சொல்லவில்லை. எதிரில் ஒரு குழந்தை சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். கோளாறு போனில் இருக்கலாம், இணைப்பில் இருக்கலாம், இரண்டும் சேரும்போது மட்டும் வரலாம். முதலில் என் சோதனை இணைப்பை அவர் போனில் திறக்க வேண்டும். பிறகு அவர் இணைப்பை என் போனில். ரயில் நகர்ந்தது.

அங்கிளின் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கால்களை ஒரு நாற்காலிமேல் நீட்டி வைத்திருந்தார். கணுக்கால் இருக்கும் இடம் தெரியவில்லை.

"இவ்வளவு சின்னப் பொண்ணா? போன்ல கேட்டப்ப பெரிய ஆபிசர்னு நெனச்சேன்," என்றார். பேசி முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். "தண்ணி குடிக்கிறியா? எனக்குத்தான் அளவு. உனக்கு இல்ல."

போனை வாங்கினேன். என் சோதனை இணைப்பை அதற்கு அனுப்பித் திறந்தேன். அழகாகத் திறந்தது. அவருடைய இணைப்பைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம் வந்தது. அப்படியானால் போன் மட்டும் காரணமில்லை. அவர் இணைப்பை என் போனில் பார்த்தாக வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். பிரேமா அக்காவை அழைத்தேன். வேறொரு வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்தார். மறுபடியும் அழைத்தேன். எடுத்தார்.

"என்ன பாத்த? சொல்லு."

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் அப்படித்தான். இரண்டாவது தடவை நாம் எதையாவது மாற்றிச் சொல்கிறோமா என்று கவனிப்பார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க நான் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"சரி. அவர்கிட்ட சம்மதம் கேட்டுட்டுத் தெற," என்றார்.

"எதுக்கு சம்மதம்? தெற மா!" என்று அங்கிள் பக்கத்திலிருந்து கத்தினார்.

அவர் இணைப்பை என் போனில் திறந்தேன். முதல் அமுக்கலிலேயே பக்கம் முழுதாக வந்தது. அவருடைய பெயர் இருந்தது, மையத்தின் பெயர் இருந்தது, வெள்ளிக்கிழமை என்றிருந்தது. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி: இந்த நாற்காலி வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது.

நண்பகல் கடந்திருந்தது.

அங்கிள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெறந்துச்சா?"

"தெறந்துச்சு அங்கிள்," என்றேன். போனை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரேமா அக்கா இன்னும் இணைப்பில்தான் இருந்தார். அவர் முன்னால் லாக் திறந்திருந்தது. "யமுனா, இவர் போன்லருந்து வந்த வரிய நான் வாசிக்கிறேன், நாம அனுப்புன லிங்க நீ வாசி," என்றார். இருவரும் எழுத்தெழுத்தாக வாசித்தோம். பெயரின் நடுவில் இடறியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இணைய முகவரியில் சாய்கோடு என்பது வாசல் மாதிரி. ஒவ்வொரு சாய்கோட்டைத் தாண்டினாலும் அடுத்த அறை. எங்கள் முகவரியில் மையம், நோயாளியின் பெயர், நாள் என்று மூன்றே அறைகள். இந்த நாட்டில் தமிழர்களின் அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் ஆண்களுக்கு a/l என்றும் பெண்களுக்கு a/p என்றும் இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். நடுவில் ஒரு சாய்கோடு. அதை அப்படியே முகவரியில் வைத்தால் வாசல் என்று நினைத்துவிடும் என்பதால், எங்கள் நிரல் அதை %2F என்று மூடி அனுப்பும். எல்லாப் பிரவுசர்களும் மூடியதை மூடியபடியே திருப்பி அனுப்பின. இந்தப் பிரவுசர் மட்டும் புது வெர்ஷனில், முகவரியைச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து அனுப்பியது. மூன்று அறை இருக்க வேண்டிய வீட்டில் நான்கு அறை ஆகிவிட்டது. சர்வர் உள்ளே விடவில்லை.

"லாக்ல இருக்கற மத்தவங்க பேர வாசிக்கிறேன்," என்றார் பிரேமா அக்கா. வாசித்தார். ஒவ்வொரு பெயரிலும் ஏ எல், ஏ பி, ஏ எல். பிறகு நிறுத்தினார்.

"நம்ம டெஸ்ட் பேஷன்ட் பேரு என்ன?"

"அலி பின் அபு. அப்பறம் ரவி."

"வெறும் ரவியா?"

"வெறும் ரவி."

அவரும் நானும் தமிழர்கள். எங்கள் இருவரின் அட்டையிலும் a/p இருக்கிறது. விமான டிக்கெட் எடுக்கும்போது ஏற்காது, வங்கியின் பக்கத்தில் ஏற்காது, பரிசுக் குலுக்கலில்கூட ஏற்காது. சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கி வாங்கி, கணினியில் பெயர் எழுதும்போது அந்த மூன்று எழுத்தை விட்டுவிடுவது எங்கள் கைக்குப் பழக்கமாகியிருந்தது. மேசையில் இருந்த மலாய்க்காரப் பையனோ சீனப் பெண்ணோ சோதனைப் பெயரை எழுதியிருந்தால், அட்டையில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார்கள். தமிழ்ப் பெயரைத் தமிழர்களே எழுதட்டும் என்று எங்களிடம் விட்டிருந்தார்கள்.

பிரேமா அக்காவின் குரல் தாழ்ந்தது. ஆங்கிலத்துக்கு மாறுவார் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. "தானா நாற்காலி மாத்துறத எல்லா சென்டருக்கும் இப்பவே நிறுத்துறேன். கையெழுத்து அப்பறம் வாங்கிக்கலாம். கேட்டா நான் பதில் சொல்றேன். நீ அந்த நாற்காலி யாருக்குப் போச்சுன்னு பாத்து அவங்ககிட்ட பேசு."

வாடிக்கையாளரின் கையெழுத்தில்லாமல் அவர் எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

நாற்காலி சரோஜா என்ற ஆன்டிக்குப் போயிருந்தது. அங்கிளின் வீட்டிலிருந்தே அழைத்தேன். ஸ்பீக்கரில் போடு என்று அங்கிள் சைகை காட்டினார், போட்டேன்.

"ஆமாம்மா, கன்பர்ம் பண்ணிட்டேன். மெசேஜ் வந்த கையோட அமுக்கிட்டேன்," என்றார் ஆன்டி. குரலில் அவ்வளவு சந்தோஷம். போர்ட் கிள்ளானில் வீடு. பக்கத்து மையத்தில் இடமில்லாமல், இத்தனை நாளாகக் கோலாலம்பூரைத் தாண்டி அம்பாங் வரைக்கும் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாராம். "அம்பாங்ல வெள்ளிக்கெழம வேணாம்னு சொல்லிட்டேன். அங்க ஒடனே வேற ஆளப் போட்டுட்டாங்க. ஏன் மா, என்ன ஆச்சு?"

எங்கள் கணினியின் தவறால் இந்த நாற்காலி உங்களுக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப எனக்கு?" என்றார் ஆன்டி. "குடுத்துட்டுப் புடுங்குறீங்களா? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல, நான் வெள்ளிக்கெழம எங்க போவேன்? ஒன் வீட்டுக்கு வரவா?"

எனக்குத் தெரிந்த எந்த வரிசையிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அங்கிள் போனை நோக்கிக் குனிந்தார். "அம்மா, எடம் எனக்குத்தான் இருந்துச்சு. ஆனா ஒங்கள எறங்கச் சொல்ல மாட்டேன். லோரில ஏத்துன ஆள நான் பாதி வழில எறக்குனதில்ல."

"நீங்க யாரு?"

"கால் வீங்குன ஆளு."

"எனக்குந்தான் வீங்கியிருக்கு," என்றார் ஆன்டி, கோபம் குறையாமலே.

மையத்தை அழைத்துத் தாதி ஃபரிடாவிடம் பேசினேன். மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு நோயாளிகள், ஒரு நாற்காலி என்று முடித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. பெயர்களைக் கேட்டார், கடைசியாக எடுத்த எடையைக் கேட்டார், டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். அந்த இடைவெளியில் அங்கிள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் என்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

தாதி திரும்ப அழைத்தார். ஆளுக்கு ஒரு மணி நேரம் குறைத்தால், மையத்தைச் சீக்கிரம் திறந்து அதே நாற்காலியில் இருவரையும் ஒருவர் பின் ஒருவராக முடித்துவிடலாம். டாக்டர் சம்மதித்துவிட்டார். "நான்கு மணி நேரம் இருக்க வேண்டியது மூன்றுதான். நல்லதில்லை. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் முழுசாகத் தருவேன், அதுவரை தண்ணீரை அளந்து குடிக்கச் சொல், தங்கச்சி," என்றார்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் பிரேமா அக்காவும் நானும் லாகில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தோம். யாருடைய நாற்காலியெல்லாம் பறிபோயிருந்ததோ, அந்தந்த மையத்துடன் பேசிச் சரிசெய்தோம். ஒருவர் மட்டும், வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துத் தன்னை நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார். "கேக்கலாமான்னு தெரியல மா," என்றார். அவர் பேசி முடித்த பிறகு பிரேமா அக்கா எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

நிரல் எழுதுபவர்கள் முகவரியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண்ணை வைத்தார்கள். யார் பெயரில் என்ன இருந்தாலும் இனி முகவரிக்குத் தெரியாது. சோதனை நோயாளிகளையும் மாற்றினோம். பிரேமா அக்கா தன் முழுப் பெயரை அட்டையில் இருக்கிறபடியே முதல் ஆளாகச் சேர்த்தார். நிர்வாகத்துக்கு அவர் நேரில் போய்ப் பதில் சொன்னார். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் அங்கிள் அழைத்தார். "முடிஞ்சிருச்சு மா. அந்த ஆன்டி எனக்கு அடுத்து. வாசல்ல பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டுனாங்க."

"உங்களையா?"

"ஒன்னத்தான்." சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அவர் சொன்ன வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

புகாரை முடித்து வைக்கச் சொன்னார்கள். பிரச்சினை தீர்ந்தது, நோயாளிகளுக்குப் பாதிப்பில்லை என்று எழுதினால் போதும் என்றார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு முறை முழுதாகத் தவறியது, இருவருக்கு ஒவ்வொரு மணி நேரம் குறைந்தது, இன்னொருவர் கேட்கவே தயங்கி வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று எழுதினேன். பிரேமா அக்கா படித்துவிட்டு ஓர் எழுத்தையும் மாற்றாமல் மேலே அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையில்லை. அம்மாவோடு பாசார் போய் வந்து, கீரையைக்கூட எடுத்து வைக்காமல் மடிக்கணினியைத் திறந்தேன். திங்கட்கிழமைக்கான உறுதிசெய்தல்கள் வந்துகொண்டிருந்தன. இப்போது லாகில் யாருடைய பெயரும் இல்லை, வரிசையாக எண்கள் மட்டும். அங்கிளின் எண் வரவில்லை. சர்வரை, இணைப்பை, அனுப்பிய செய்தியை எல்லாம் சரிபார்த்தேன். குறை எதுவுமில்லை. அவரை அழைக்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். தானாக நாற்காலி மாறுவதுதான் நின்றுவிட்டதே, அவர் அமுக்காவிட்டாலும் இடம் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பயந்தது இடத்துக்காக இல்லை.

அம்மா கீரையைக் கேட்டுக் கூப்பிட்டார். எழப்போனபோது அந்த எண் வந்தது. அதே பிரவுசர். சர்வர் ஏற்றுக்கொண்டிருந்தது. அடுத்த வரியிலும் அதே எண், அதற்கடுத்த வரியிலும். பழக்கதோஷத்தில் அங்கிள் அமுக்கிக்கொண்டே இருந்தார்.